வடிகாலில் போன மழை

பெர்லின் தெருக்களில் இன்றும் அடிபம்பு இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ 2,000. போரோ பெரும் விபத்தோ வந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் ஜனங்கள் தவிக்கக் கூடாது என்று நகராட்சி பராமரித்துவரும் பம்புகள் அவை. சில ஆண்டுகளாக வேறொரு வேலைக்குப் பயன்படுகின்றன. மாலை வெயில் தாழ்ந்ததும் அக்கம்பக்கத்தார் வாளியோடு வந்து, அடித்து, தெருவோர மரங்களுக்கு ஊற்றுகிறார்கள். எந்த மரத்துக்கு அண்மையில் எவ்வளவு மழை கிடைத்தது என்று காட்டும் இணைய வரைபடம்கூட 2020 முதல் உண்டு. 'கீஸ் டென் கீட்ஸ்' என்று பெயர். 'உன் பேட்டைக்குத் தண்ணீர் ஊற்று' என்று பொருள்.

தண்ணீருக்குப் பஞ்சமே தெரியாத நாடு என்று நாம் நினைத்திருந்த ஜெர்மனியா இது? 2019 ஜூன் மாதம் சென்னையில் ஏரிகள் வறண்டு, பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டி நின்றன. அதற்கு அடுத்த மாதம், ஜூலை 25 அன்று, டூயிஸ்பர்க் நகரின் பேயர்ல் பகுதியில் வெப்பமானி 41.2 டிகிரி செல்சியஸ் காட்டியது. நம் ஊரில் கத்திரி வெயிலில் காண்கிற கணக்கு. அந்த ஊரில் எவரும் கண்டிராதது.

ஆனால் விவசாயியைக் கேட்டால் அவர் 2019-ஐ அல்ல, 2018-ஐத்தான் சொல்வார். அந்த ஆண்டு ஏப்ரலில் போன மழை ஆகஸ்ட் வரை ஒழுங்காகத் திரும்பவில்லை. புல்வெளியில் முதல் அறுப்போடு சரி; இரண்டாவது, மூன்றாவது அறுப்புக்குப் புல்லே முளைக்கவில்லை. குளிர்காலத்துக்கென்று சேர்த்த தீவனத்தை ஜூலையிலேயே பிரித்துப் போட்டார்கள். தீவனம் போதாத பண்ணைகளில் மாடுகள் கறிக்குப் போயின. மாட்டைக் கட்டி ஆண்டவனுக்குத்தான் அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். விவசாயிகள் சங்கம் 100 கோடி யூரோ கேட்டது. வேளாண் அமைச்சராக இருந்த யூலியா க்ளொக்னர் ஆகஸ்ட் மாதம் அறிவித்தது, மத்திய, மாநில அரசுகளின் பங்கைச் சேர்த்து அதிகபட்சம் 34 கோடி. அதுவும் விளைச்சலில் 30 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களுக்கு மட்டும். நிவாரணக் கணக்கு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

அடி அதிகம் விழுந்த இடங்களில் ஒன்று, பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலம். 'பேரரசின் மணல்பெட்டி' என்று அதற்குப் பழைய கேலிப்பெயர் உண்டு. அந்தக் காலத்தில் எழுதிய மை காய்வதற்காகத் தாளில் மணல் தூவுவார்கள். அந்த மணலை வைக்கும் பெட்டி. ஜெர்மனியில் நிலத்துக்கு மார்க் போடும் வழக்கம் இருக்கிறது. மாக்டபர்க் பக்கத்துக் கரிய மண்ணுக்கு நூற்றுக்கு நூறு. பிராண்டன்பர்க்கின் பல வயல்கள் முப்பதைத் தொட்டாலே பெரிது. பெய்த நீர் இரண்டு வாரம்கூட அந்த மண்ணில் தங்காது.

அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. தமிழ்நாட்டின் சராசரி 900-க்கு மேல். அவர்களைவிட நமக்கு மழை அதிகம்! ஆனாலும் அங்கே ஊர் பச்சையாக இருந்ததற்குக் காரணம், மழை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறியதும், குளிர் அதை ஆவியாக விடாததும்தான். வெயில் கூடியதும் அந்தக் கணக்கு தப்பியது.

இதில் வானத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடந்த 250 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாடு தண்ணீரைத் துரத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. அந்தப் பகுதியை ஆண்ட மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1747-இல் ஓடர் ஆற்றின் சதுப்பு நிலத்தை வடிக்கத் தொடங்கினார். 1753-இல் ஆறே புதுக் கால்வாயில் திருப்பப்பட்டது. சதுப்பு வயலானது, கொசு குறைந்தது, குடியேறியவர்களுக்கு ஊர்கள் எழுந்தன. அன்றைக்கு அது சாதனை, சந்தேகமில்லை. பிறகு வந்தவர்கள் வயலுக்கு அடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வெளியேற்றினார்கள். கிழக்கு ஜெர்மனியின் கூட்டுப்பண்ணைகள் அதையே இயந்திரம் வைத்துச் செய்தன. இன்று ஜெர்மனியின் சுமார் 18 லட்சம் ஹெக்டேர் சதுப்பு மண்ணில் 90 சதவீதத்துக்கு மேல் வடிக்கப்பட்டுவிட்டது. காய்ந்த அந்த மண் மக்கி வெளியிடும் கரிக்காற்று, நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். வறட்சிக்கு அதுவும் தன் பங்குக்கு விறகு போடுகிறது.

பாசனம் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கே விவசாயம் பெரும்பாலும் மானாவாரி. உண்மையில் பாசனம் பெறும் நிலம் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பாதிக்கு மேல் லோயர் சாக்சனி மாநிலத்தில். யூல்ட்சன் பக்கம் போனால் உருளைக்கிழங்கு வயல்களில் ராட்சத ரெயின் கன் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சுவதைப் பார்க்கலாம். தண்ணீரில் ஒரு பகுதி, கப்பல் போவதற்காக 1976-இல் திறந்த எல்பெ பக்கக் கால்வாயிலிருந்து வருகிறது.

வறண்ட ஆண்டில் அறுவடையே ஆபத்தான வேலை. அறுவடை இயந்திரத்தின் கத்தி ஒரு கல்லில் உரசிப் பொறி பறந்தால் போதும், கோதுமைத் தாள் பற்றிக்கொள்ளும். அதனால் சாணக்கரைசல் தெளிக்கும் டேங்கரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வயலோரம் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் டிராக்டரில் சட்டிக்கலப்பை மாட்டித் தயாராக இருக்கும்; தீ கிளம்பினால் அதற்கு முன்னால் ஓட்டி மண்ணைப் புரட்டிவிட்டால் நெருப்பு தாண்டாது. நடுப்பகலை விட்டு இரவில் அறுப்பவர்களும் உண்டு. காடு பற்றினால் கலப்பை எந்த மூலைக்கு? 2018 ஆகஸ்டில் பெர்லினுக்குத் தென்மேற்கே ட்ராயன்பிரீட்சன் அருகே சுமார் 400 ஹெக்டேர் பைன் காடு எரிந்து, மூன்று கிராமங்களைக் காலி செய்ய வேண்டிவந்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின் வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் கிடந்தன, சூட்டில் ஒவ்வொன்றாக வெடித்தன.

மனிதர்கள் பாடும் லேசில்லை. சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய வீடுகள். பெரும்பாலானவற்றில் ஏசி கிடையாது. அறை 27 டிகிரியைத் தாண்டினாலே வெயில் விடுமுறை விடும் பள்ளிகள் உண்டு என்றால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 2018 கோடையில் வெப்பத்தால் இறந்தவர்கள் சுமார் 8,700 பேர் என்று ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலும் முதியவர்கள், அதில் தனியே வாழ்ந்தவர்கள் எத்தனை பேரோ. காலையிலேயே ஜன்னலைச் சாத்தி வெளிஷட்டரை இறக்கிவிடு, மதியம் வெளியே போகாதே, மோர் குடி என்று நம் பாட்டி சொல்வதையேதான், மோரை மட்டும் விட்டுவிட்டு, அங்கே அரசு அறிவிப்பாக வெளியிடுகிறார்கள்.

இப்போது பிராண்டன்பர்க் விவசாயிகள், ஓடிப்போகும் நீரைப் பிடித்துவைக்க, அந்தப் பழைய வடிகால்களில் மதகு போடப் பார்க்கிறார்கள். இருக்கிற பழைய மதகுகளும் பல இடங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. மூடுவது யார் என்பதில்தான் சண்டை. மார்ச்சில் டிராக்டர் சேற்றில் புதையக் கூடாது என்று பள்ளத்து வயல்காரர் திறக்கச் சொல்வார். ஜூனில் பயிர் காயுமே என்று பக்கத்து வயல்காரர் மூடச் சொல்வார். கடைமடைக்குத் தண்ணீர் வராத நம் ஊர்க்காரர் எவரை அங்கே அனுப்பினாலும், மொழி தெரியாமலே பஞ்சாயத்து பேசிவிடுவார். என்னைக் கேட்டால், டேங்கரும் ரெயின் கன்னும் அந்தந்த நாளைத் தள்ளும் வழிகள். இந்த மதகுச் சண்டையில்தான் பிராண்டன்பர்க்கின் விவசாயம் நிற்குமா போகுமா என்பது இருக்கிறது.

ஜெர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலில் இளம் லிண்டன் மரம் நின்றால் தினம் ஒரு செம்பு ஊற்ற வேண்டாம். மேல்மண் நனைந்து அதோடு காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை எட்டுப் பத்து வாளி, ஒரே மூச்சில், மெதுவாக ஊற்றுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். பெர்லின்காரர் என்றால் பக்கத்திலேயே ஒரு பம்பும் இருக்கக்கூடும்.