போவது எளிது, திரும்பி வர அனுமதி இருக்கிறதா?

சனிக்கிழமை மாலை மணி ஆறரை. ஜோகூர் பாருவிலிருந்து பேருந்து 170ல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு வந்து இறங்கினோம். நான் சிங்கப்பூரர்களுக்கான தானியக்கத் தடத்தில் நுழைந்து ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டேன். திருச்சியிலிருந்து வந்திருந்த மாமாவும் அத்தையும் வேறு வரிசையில் நின்றார்கள். கீழே பேருந்து நிற்கும் இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் போனது. அரை மணி நேரம் கழித்து மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“பாப்பா, எங்களை உள்ளே விடமாட்டேங்கிறாங்கம்மா. விசா முடிஞ்சு போச்சாம்.”

“எப்படி மாமா முடியும்? நீங்க வந்தே பத்து நாள்தானே ஆச்சு?”

“அதைத்தான் நானும் சொல்றேன். முப்பது நாள் குடுத்திருக்காங்களேன்னு கேட்டா, அது வேற, இது வேறங்கிறாங்க.”

அதிகாரி சொன்னது சரி. எனக்குத்தான் அந்த வேறுபாடு தெரியாமல் போயிற்று. அன்றிரவு அத்தைக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசி, ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு அவர்கள் திரும்ப வேண்டிய விமானம் மறுநாள் இரவு.

நான் வானொலியில் சொன்ன வாக்கியம்

2023 டிசம்பர் 1ஆம் தேதி முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா சென்று 30 நாள் வரை தங்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, அதை நானும் ஒலிபரப்பில் சொன்னேன். “இனி இந்தியாவிலிருந்து உங்கள் உறவினர்கள் வந்தால், ஜோகூருக்கும் ஓர் எட்டு அழைத்துப் போகலாம்” என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். அந்தச் சலுகை பின்னர் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

செய்தியில் பிழை இல்லை. நான் சேர்த்த வரியில்தான் ஓட்டை. விசா வேண்டாம் என்று சொன்னது மலேசியா. சிங்கப்பூர் அப்படிச் சொல்லவில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் சிங்கப்பூருக்குச் சுற்றுப்பயணியாக வர இன்றும் விசா எடுக்க வேண்டும். கடற்பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போய்விட்டுத் திரும்பினாலும் அது சிங்கப்பூருக்குள் புதிய நுழைவுதான்.

மாமாவின் மின்விசாவை அன்றுதான் முழுதாக வாசித்துப் பார்த்தேன். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘ஒருமுறை’ என்று இருந்தது. அந்த ஒருமுறையை அவர்கள் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கியபோதே பயன்படுத்திவிட்டார்கள். பலமுறை நுழையும் விசா பலருக்குக் கிடைக்கிறது. ஒருமுறை விசா வருவதும் உண்டு. ஊரில் விசா எடுத்துக் கொடுத்த முகவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றார் மாமா. நானும் கேட்கவில்லை.

அப்படியானால் அந்த முப்பது நாள்? அது வருகை அனுமதி. விசா என்பது எல்லை வரை வந்து நுழைவு கேட்பதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் நுழையும்போது முடிவு செய்கிறது. இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை, விவரம் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. நாட்டைவிட்டு வெளியேறியதும் அந்த வருகை அனுமதி முடிந்துவிடும். மீதமுள்ள இருபது நாளைச் சேர்த்துவைத்து, திரும்பி வந்து பயன்படுத்த முடியாது.

ஒரே இரவில் மூன்று முறை

இருவரையும் வந்த வழியே ஜோகூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் வீட்டுக்கு ஓடி இன்சுலினையும் ஊசிகளையும் பனிக்கட்டிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, குவீன் ஸ்திரீட் முனையத்தில் பேருந்து பிடித்து மீண்டும் பாலத்தைக் கடந்தேன். ஜேபி சென்ட்ரலுக்கு அருகே ஒரு சிறிய ஹோட்டலில் அவர்களைத் தங்கவைத்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அத்தை எதுவும் பேசவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

புதிதாக விசா எடுக்க முடியாதா? முடியும். சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவர், தமது சிங்பாஸ் மூலம் உறவினருக்காக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி. பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு 3 வேலை நாள் ஆகும், சிலவற்றுக்குக் கூடுதலாகலாம். நாங்கள் மாட்டிக்கொண்டதோ சனிக்கிழமை இரவு. எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை விமானம் போனது போனதுதான்.

கடைசியில் பெட்டிகளை நான் ஜோகூருக்குக் கொண்டுசேர்த்தேன். மாமாவும் அத்தையும் பேருந்தில் கோலாலம்பூர் சென்று, செவ்வாய்க்கிழமை அங்கிருந்து திருச்சிக்குப் பறந்தார்கள். புதிய பயணச்சீட்டுக்கு ஆன செலவை நான் கொடுத்தேன். முஸ்தஃபாவில் வாங்கி வைத்திருந்த கோடாலித் தைலமும் சாக்லேட்டும் மட்டும் பெட்டியில் இடமின்றி என் வீட்டிலேயே தங்கிவிட்டன.

தாத்தா காலத்துப் பாலம்

எங்கள் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். ஜோகூருக்குப் படம் பார்க்கப் போய்விட்டு இரவே திரும்புவாராம். கையில் கடப்பிதழ் இருக்காது. 1923ல் ரயில்களுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் அப்போது ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சாலை, அவ்வளவுதான். 1965ல் இரண்டு நாடுகளாகப் பிரிந்தோம். கடப்பிதழ்ச் சோதனை 1967ல் வந்தது. மலேசியா செல்வதற்கு மட்டுமே பயன்படும் தனிக் கடப்பிதழ் ஒன்று பிறகு இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதனாலேயே அதைக் கடப்பதை வெளிநாட்டுப் பயணமாக நாம் எண்ணுவதில்லை. பெட்ரோல், தோசை, தலைமுடி திருத்தம், கண்ணாடிக் கோயில் தரிசனம் என்று கிளம்பிவிடுகிறோம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவருக்கு அந்த அலட்சியம் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. நம்முடன் வருபவருக்கு அப்படியில்லை.

தேக்காவில் கேட்டவை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் தேக்காவில் நின்று பேச்சுக் கொடுத்தேன். பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் நான் சந்தித்தவர்களில் பலர், ஜோகூருக்கோ பத்துமலைக்கோ ஒருமுறையாவது போக நினைத்திருந்தார்கள். விசா வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்த வரி பலருக்குத் தெரியவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கட்டுமான ஊழியர் ஒருவர், தைப்பூசத்துக்குப் பத்துமலை போக நான்கு நண்பர்களுடன் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். கடப்பிதழ் எப்போது காலாவதியாகிறது என்று கேட்டேன். கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பயண நாளிலிருந்து கணக்கிட்டால் நான்கு மாதம்தான் இருந்தது. மலேசியாவில் நுழையும்போது கடப்பிதழ் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். “நல்லவேளைக்கா, பஸ் டிக்கெட் இன்னும் போடலை” என்றார். கடப்பிதழைப் புதுப்பிக்க அந்த வாரமே விண்ணப்பிப்பதாகச் சொன்னார்.

இன்னொருவர் வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவரிடம் இருந்தது மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். வேலை அனுமதி இன்னும் வழங்கப்படவில்லை. அந்தக் கடிதம் ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஜோகூர் போனால், மாமாவுக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேரும். இங்கே பணயமாவது ஒரு விமானச்சீட்டு மட்டுமல்ல. ஊரில் கடன் வாங்கி முகவருக்குக் கட்டிய பணமும் வேலையும் சேர்ந்தே போகலாம்.

வேலை அனுமதி கையில் உள்ளவர்கள் அதைக் கொண்டு திரும்பி வரலாம், தனி விசா தேவையில்லை. ஆனால் திரும்பும் நாளன்று அனுமதி செல்லுபடியாக வேண்டும்.

நிரந்தரவாசிகள் சிலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருந்தது. நீல அடையாள அட்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வெளியே போய்த் திரும்பும்போது நிரந்தரவாசத் தகுதியைக் காப்பது மறுநுழைவு அனுமதி. அது காலாவதியாகிவிட்டதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது.

இலவச அட்டைக்கும் காசு கேட்பார்கள்

மலேசிய மின்னிலக்க வருகை அட்டை 2024 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இங்குள்ள நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதி வைத்திருப்போருக்கும் விலக்கு இல்லை. ‘நாங்களும் சிங்கப்பூரில் இருந்துதானே வருகிறோம்’ என்று நினைத்து, முகப்பில் போய் நின்று கைப்பேசியில் அவசர அவசரமாக நிரப்புகிறவர்கள் பலர். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம்.

2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் செல்வோர் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கிறார்கள். அந்த வசதியில் கடப்பிதழையே வீட்டில் மறந்துவிட்டு வருபவர்களும் உண்டு. அந்தப் பக்கம் மலேசிய அதிகாரி கேட்பார். சிங்கப்பூரில் பதிவான காரில் போனால் வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம்.

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்குச் செல்லும் ஆர்டிஎஸ் ரயில் சேவை, 2026 இறுதியில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஐந்து நிமிடப் பயணம். இரு நாட்டுச் சோதனையும் கிளம்பும் இடத்திலேயே முடிந்துவிடும். நெரிசல் குறையும், நேரம் மிச்சமாகும். ஆனால் விசாவில் ‘ஒருமுறை’ என்று எழுதியிருந்தால், எவ்வளவு வேகமான ரயிலும் உதவாது.

போன மாதம் மாமா அழைத்தார். அடுத்த ஆண்டு இருவரும் மறுபடி வரப்போகிறார்களாம். எனக்குச் சங்கடமாக இருந்தது. “ஜோகூர் வேண்டாம் மாமா, இங்கேயே சுத்திப் பார்ப்போம்” என்றேன்.

“ஏன் வேணாம்? உங்க அத்தை அந்தக் கண்ணாடிக் கோயிலை இன்னொரு தடவை பாக்கணுங்கிறா. விசா வந்ததும் முதல்ல உனக்குத்தான் அனுப்புவேன். நீ படிச்சுப் பாத்துச் சொல்லு, அப்புறம் டிக்கெட் போடலாம்” என்றார்.

கோடாலித் தைலம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்

• இந்தியாவிலிருந்து வந்த விருந்தினரா? சிங்கப்பூர் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்றும், திரும்பும் நாளில் அது செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள்.

• அவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை மீண்டும் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், வருவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள்.

• எல்லாருடைய கடப்பிதழும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

• சிங்கப்பூர்க் குடிமக்கள் அல்லாதோர் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்புங்கள்.

• கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் மட்டும் வைத்திருப்பவர்கள், வேலை அனுமதி கிடைக்கும்வரை காத்திருங்கள்.

• நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பாருங்கள்.

• அன்றாடம் உட்கொள்ளும் மருந்து கையிலேயே இருக்கட்டும். அரை நாள் பயணம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

• விதிகள் மாறக்கூடியவை. இரு நாட்டுக் குடிநுழைவுத் துறைகளின் இணையத்தளங்களையும் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.