நெற்பயிரின் உட்காவல்

பெரும்போகத்தில், மார்கழிப் பனி இலைகளில் நெடுநேரம் தங்கும் நாட்களில், வரம்பிலிருந்து நெல்லிலையை உற்று நோக்கும் கமக்காரர் இருவகைப் புள்ளிகளைக் காணக்கூடும். ஒன்று ஊசிமுனையளவான கபிலநிறப் பொட்டு. மற்றையது இருமுனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமும் கொண்ட கண்வடிவான புள்ளி. இவ்விரண்டும் எரிபந்த நோயை விளைக்கும் ஒரே பங்கசினால் உண்டாகலாம். முன்னையது பயிர் வென்ற இடம். பின்னையது பயிர் தோற்ற இடம்.

மனிதனுடைய புண்ணிற் கிருமி புகுந்தால் குருதியிலுள்ள வெண்கலங்கள் அவ்விடத்திற்கு விரைந்து செல்கின்றன. பயிருக்கு அத்தகைய காவற்படை இல்லை. ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

எதிரியோ எளியவனல்லன். பங்கசின் வித்தி ஈர இலையில் ஒட்டி முளைத்து, கருநிறச் சுவருடைய சிறு குமிழொன்றை அமைக்கின்றது. அக்குமிழினுள் எழும் அமுக்கம் மோட்டார் வண்டிச் சில்லின் காற்றமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்காகும். அதன் வலிமையால் நுண்ணிய முளையொன்று இலைத்தோலைத் துளைத்து உட்செல்லும்.

பங்கசின் சுவரில் கைற்றின் என்னும் பொருள் உண்டு. இறாலின் ஓட்டிலுள்ளதும் இதுவே. நெற்பயிரிற் கைற்றின் இல்லை. ஆதலால் அதன் துணுக்கொன்று கலத்தின் மேற்பரப்பிலுள்ள உணர்புரதத்திற் பட்டதும், அந்நியன் வந்துவிட்டான் எனக் கலம் அறிகின்றது. இத்தகைய புரதமொன்றை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2006 ஆம் ஆண்டில் நெல்லிற் கண்டறிந்தனர். அறிந்த சில நிமிடங்களில் ஐதரசன் பேரொட்சைட்டு சுரக்கும். பின்னர் கலச்சுவர் தடிக்கும். பங்கசைக் கரைக்கும் நொதியங்களும் அதற்கு நஞ்சான பொருள்களும் உண்டாகும்.

கள்வனுக்கும் தந்திரம் தெரியும். பங்கசு தன் கைற்றின் துணுக்குகளை மூடி மறைக்கும் புரதமொன்றை வெளிவிட்டு இக்காவலை ஏமாற்றுகின்றது. அப்போது கலத்தினுள்ளிருக்கும் இரண்டாங் காவல் விழிக்க வேண்டும். அது விழித்தால், தாக்குண்ட கலம் தானே மடிந்து, உயிருள்ள கலத்தில் மட்டும் உண்டு வளரத் தொடங்கும் பங்கசைப் பட்டினியிடும். ஊசிமுனைப் பொட்டு அந்த மரணத்தின் அடையாளமே. (கபிலப் பொட்டுகள் யாவும் இவ்வகையின அல்ல, வேறு நோய்களாலும் அவை தோன்றும்.)

இந்த இரண்டாங் காவல் இனத்துக்கு இனம் வேறுபடும். 1950களின் பிற்பகுதியிற் பத்தலகொடையிலிருந்து வெளிவந்த எச்-4 இனம் விரும்பப்பட்டமைக்கு அதன் எரிபந்த எதிர்ப்பும் ஒரு காரணம். ஆயினும் பங்கசும் மாறிக்கொண்டேயிருக்கும். ஊர் முழுவதும் ஓரினத்தையே போகந்தோறும் விதைப்பின், அவ்வினத்தின் காவலைக் கடக்கவல்ல பங்கசு வகைக்கு அவ்வூர் முழுவதும் விருந்தாகும்.

காவலைப் பலவீனப்படுத்துவதிற் கமக்காரரின் கைக்கும் பங்குண்டு. அளவுக்கு மிஞ்சிய யூரியா இலையைக் கரும்பச்சையாக்கி, மென்மையுமாக்குகின்றது. அயலார் மெச்சும் அப்பசுமையே பங்கசுக்கும் உகந்தது. இதற்கு மாறாக, வைக்கோலிலும் உமியிலும் நிறைந்துள்ள சிலிக்கன் இலைத்தோலின் கீழ்ப் படிந்து அதனை வலுப்படுத்தும். ஆகவே வைக்கோலை எரித்து வீணாக்காது வயலுக்கே சேர்த்தல் நன்று. நோயுற்ற வயலின் வைக்கோலை மட்டும் நன்கு மக்கச் செய்தபின் இடுக.

கண்வடிவப் புள்ளிகள் பெருகக் கண்டால் மேற்கட்டு யூரியாவை நிறுத்திவைத்து, வயலில் நீர் வற்றவிடாது, விவசாயப் போதனாசிரியருக்கு இலையைக் காட்டுதல் வேண்டும். இது கதிர் வெளிவருமுன் செய்யவேண்டிய வேலை. கதிரின் கழுத்தை நோய் பற்றியபின் மருந்து தெளிப்பினும், பதரான கதிர் மணியாகாது.