பொதிகை ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து, பொதிகை என்றும் அழைக்கப்படும் அகத்தியர் மலையின் உச்சி நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். உச்சியின் உயரம் 1,868 மீட்டர். இந்தச் சிறிய தூரத்துக்குள் தென்னந்தோப்பு, நெல்வயல், ரப்பர் தோட்டம், இலையுதிர் காடு, மழைக்காடு, முகில் தவழும் சோலை என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அகத்தியமலைப் பகுதியை 2016-இல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்துக்கொண்டது. அங்கே 2,254 வகை உயர்தாவரங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் சுமார் 400 வகைகள் ஓரிடவாழ்விகள்.

பொதிகை உச்சியை ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் பலருக்கும் உண்டு. முறையான அனுமதியுடன் ஏற, கேரள வனத்துறை போணக்காடு வழியாக நடத்தும் பயணம் இருக்கிறது. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் அதில் ஏறுகிறார்கள். பயணத் திட்டம் என்றதும் பை, ஷூ, பஸ், செலவு என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பட்டியலுக்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அது மலையின் காற்றையும் மழையையும் விலங்குகளின் பருவத்தையும் பற்றியது.

எப்போது போவது?

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதற்கு விடை தெரியும். தென்மேற்குப் பருவமழையில் கன்னிப்பூ, வடகிழக்குப் பருவமழையில் கும்பப்பூ என்று நம் வயல்களில் இரண்டு போகம் விளைகிறது. இரண்டு பருவமழையும் முழுதாக இறங்குவது அந்த மலையில்தான். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே எங்கோ பெய்த மழையால் காட்டாறு சில நிமிடங்களில் பெருகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்ததை நம் கடற்கரை மறக்காது. அந்த மாதங்கள் மலைக்கும் ஆபத்தானவை.

மிஞ்சுவது தையும் மாசியும். கும்பப்பூ அறுப்பை ஒட்டிய இந்த வாரங்களில்தான் போணக்காடு வழி ஆண்டுதோறும் திறக்கப்படுகிறது. அதற்குப் பிறகு காடு காய்ந்து தீக்காலம் வந்துவிடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி பற்றிய தீ மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது. தீச்சுவாலை சரிவின் மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. அதனால் சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மனிதன் மேட்டில் ஏறும் வேகமோ குறைந்துகொண்டே போகும். தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதும் இதனால்தான்.

குளிரும் நேரமும்

ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. அப்படியானால் நம் கடற்கரையைவிடப் பொதிகை உச்சி சுமார் 12 டிகிரி குளிராக இருக்கும். தை மாதத்து விடியலில் நமக்கு 24 டிகிரி என்றால் அங்கே 12. வியர்வையில் நனைந்த சட்டையும் உச்சிக் காற்றும் சேர்ந்தால் உடல் இன்னும் வேகமாக வெப்பத்தை இழக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் வைத்துக்கொள்வது அவசியம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும். மூச்சு வாங்கலாம். ஆனால் இமயமலையில் வரும் உயர நோய்க்கு இந்த உயரத்தில் பொதுவாக இடமில்லை.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த விதி இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் 2 மணி 12 நிமிடம். வேரும் பாறையும் நிறைந்த மழைக்காட்டில் இதன்மேல் பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். இருட்டுமுன் முகாம் திரும்ப, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். உடலைத் தயார் செய்ய மருந்துவாழ்மலை பக்கத்திலேயே இருக்கிறது. சுமையோடு சில வாரங்கள் அதில் ஏறி இறங்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்தின் காளிகேசம், இஞ்சிக்கடவு பாதைகளும் உண்டு. புதியவர்கள் முதலில் அங்கே நடந்து பழகலாம்.

காட்டில் இருப்பவர்கள்

2022-இல் இந்த மலைப்பகுதி யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானையின் பார்வை அவ்வளவு கூர்மையல்ல; மோப்பமோ மிகக் கூர்மை. பகல் வெயிலில் சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். நாம் ஏறும்போது நம் வாசனை நமக்கு முன்னே போய் யானைக்குச் செய்தி சொல்லிவிடும், அது விலகிக்கொள்ளும். பிற்பகலில் இறங்கும்போது காற்று எதிரே வருகிறது, வாசனை நமக்குப் பின்னால் போகிறது. கீழே நிற்கும் யானைக்கு நாம் வருவதே தெரியாது. ஆகையால் இறக்கத்தில்தான், குறிப்பாக ஈற்றைக் காட்டு வளைவுகளில், வழிகாட்டியை முந்தாமல் நடக்க வேண்டும். வழிகாட்டிகளாக வரும் காணிக்காரப் பழங்குடியினர் இதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் பயனை 1987-இல் விஞ்ஞானிகளுக்குக் காட்டிக்கொடுத்தவர்களும் அவர்களே.

நமக்கு மலை திறக்கும் தை, மாசிதான் பெரிய இருவாச்சிக்குக் கூடுகட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். கீழே பாட்டும் கூச்சலும் கேட்டால் அது இரையோடு வந்து தயங்கி நிற்கும். உள்ளே தாயும் குஞ்சும் பசியோடு காத்திருக்கும். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு மர உச்சியிலேயே வாழப் பழகியது. நாம் போடும் பிஸ்கட் அதைத் தரைக்கு இறக்கி நோய்க்கும் ஆபத்துக்கும் ஆளாக்கும்.

அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம். அதன் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான். நகத்தால் வாய்ப்பகுதியை நகர்த்தி எடுத்து, கழுவிக் கட்டுப் போட்டால் போதும். பாம்பு விஷயம் வேறு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே ஆனது. மழைக்காட்டில் இலைச்சருகில் படுத்திருக்கும், மூக்கு நுனி நிமிர்ந்த சிறு குழிவிரியனுக்கும், ராஜநாகத்துக்கும் அது உதவாது. எனவே இங்கே தடுப்புதான் மருத்துவம். கணுக்கால் மறைக்கும் ஷூ போடுவதும், கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்தே வைப்பதும், இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாததும் அந்தத் தடுப்பில் அடங்கும்.

எடுத்துவரக் கூடாதவை

1855-இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரௌன் இந்த உச்சியில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். திசைகாட்டி முள்ளின் அசைவு திருவனந்தபுரத்திலும் இவ்வளவு உயரத்திலும் எப்படி மாறுபடுகிறது என்று அளந்து, முடிவுகளை 1874-இல் நூலாக வெளியிட்டார். அவர் மலையிலிருந்து எண்களைக் கொண்டுவந்தார். செடிகளைக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட் இந்த மலையில்தான் இருக்கிறது. பேபியோபெடிலம் ட்ரூரி என்பது அதன் பெயர். அழகுக்காகப் பிடுங்கி விற்றே அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு வேரைக்கூட, ஒரு விதையைக்கூட எடுத்துவரக் கூடாது என்பதே இந்த இழப்பு தரும் பாடம்.

இந்த மலைக்கூட்டத்தின் சோலைகள் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் கோதையாறு ஓடுகிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும், அதை நம்பிய நாஞ்சில் நாட்டு வயல்களும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. ஆகவே பொதிகைக்குப் போக நினைப்பவர்கள் முறைப்படி விண்ணப்பியுங்கள். சிறு குழுவாகப் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இடம் கிடைக்காவிட்டாலோ, பாதை மூடியிருந்தாலோ அடுத்த ஆண்டுவரை காத்திருங்கள். குறுக்கு வழியில் மட்டும் காட்டுக்குள் நுழையாதீர்கள்.