அந்தப் பக்கம் குழி, இந்தப் பக்கம் எழுத்து

பனைமரச் சீமையான திருநெல்வேலிக்கு எழுத்தாணி புதிதல்ல. ஓலையில் கீறி, மேலே கரி தடவினால் எழுத்து கண்ணுக்குத் துலங்கும். கரியே தேவைப்படாத எழுத்தாணி ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. அதைக் கொண்டு எழுதியதை விரல்தான் படிக்கும்.

திருநெல்வேலியிலிருந்து தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்கே 1890-ல் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லை எழுதக் கைக்கருவி இரண்டு: ஸ்லேட், ஸ்டைலஸ் எனும் எழுத்தாணி. ஸ்லேட் என்பது கீல் வைத்த இரட்டைத் தகடு. மேல் தகட்டில் வரிசையாகச் சிறு கட்டங்கள். கீழ்த் தகட்டில், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர் கீழே ஆறு குழிகள். நடுவில் தடித்த தாளைச் செருகி, உள்ளங்கையில் அடங்கும் குமிழ்ப்பிடி கொண்ட ஸ்டைலஸால் குத்த வேண்டும்.

குத்துகிற பக்கம் குழி விழும். புள்ளி புடைப்பது மறுபக்கத்தில். தாளைத் திருப்பித்தான் படிக்க முடியும். ஆகவே எழுதுவது வலமிருந்து இடம், படிப்பது இடமிருந்து வலம். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடி பிம்பம்போல இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். கட்டத்தின் இடப்பக்கப் புள்ளிகளுக்கு மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கத்துக்கு 4, 5, 6 என்றும் எண். ‘இ’ என்பது 2, 4. மாற்றிக் குத்த மறந்தால் தாளைத் திருப்பும்போது அது 1, 5 ஆகிவிடும். அது ‘ஏ’!

இந்தக் கருவியின் பின்னே ஒரு துயரமும் இருக்கிறது. பிரான்ஸில் 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் விளையாடியபோது கூரான கருவி கண்ணில் குத்திப் பார்வையை இழந்தார். பின்னாளில் சார்ல் பார்பியே வகுத்த பன்னிரண்டு புள்ளி முறையை ஆறாகச் சுருக்கி, 1829-ல் நூலாக வெளியிட்டார். பார்பியேயும் பள்ளம் வெட்டிய பலகையில் கூராணியால்தான் குத்தினார்.

ஆறு புள்ளிகளில் 63 வடிவங்களே கிடைக்கும்; தமிழுக்கோ 247 எழுத்துகள். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் இதற்கு எளிய வழி உண்டு. ‘கே’ எழுத ‘க’வைக் குத்தி, அடுத்த கட்டத்தில் ‘ஏ’வைக் குத்தினால் போதும். அச்சில் முன்னால் நிற்கும் கொம்பு இங்கே பின்னால் போய்விடுகிறது.

அதே 1951-ல் அமெரிக்காவில் பெர்கின்ஸ் பிரெய்லர் வந்தது. ஆறு விசைகள், இடமிருந்து வலமாக எழுத்து, தாளைத் திருப்பாமலே படிக்கும் வசதி. ஆனால் எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்லேட்டிலோ சட்டைப் பைக்குள் போகும் அளவிலும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் யாராவது தொலைபேசி எண் சொன்னால், ஸ்லேட்டை எடுத்து வலப்பக்கமிருந்து குத்தத் தொடங்கிவிடலாம்.