ஒரு சொல் காட்டும் வழி

குஜராத்தில் கிர் காட்டை அடுத்து ஜாம்பூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழும் 'சித்தி' இன மக்கள் (இது நம் உறவுமுறைச் சொல் அன்று) குஜராத்தி மொழி பேசுகிறார்கள். ஆனால் மேளம் கொட்டி அவர்கள் ஆடும் ஆட்டத்திற்குப் பெயர் 'கோமா'. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'ங்கோமா' என்றால் மேளம். அரபிக் கடலுக்கு அப்பாலுள்ள இச்சொல் இங்கு எப்படி வந்தது?

எழுதி வைக்கப்படாத இடப்பெயர்ச்சியைச் சொற்களைக் கொண்டு அறிவது விஞ்ஞானிகள் கையாளும் ஒரு முறை. தாம்பரத்தை அடுத்த எங்கள் செம்பாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் ஆகிய பெயர்களைப் பாருங்கள். 'பாக்கம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டே இங்கு ஊர் அமைத்தவர்களின் மொழியை ஊகிக்கலாம் அல்லவா?

மனிதனைச் சுவாஹிலியில் 'ம்ட்டு' என்பார்கள்; ஜூலு மொழியில் 'உமுண்டு'; காங்கோ மொழியில் 'முண்டு'. மனிதர்கள் என்றால் முறையே 'வாட்டு', 'அபாண்டு', 'பாண்டு'. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வழங்கும் இம்மொழிகள் ஒரு தாயின் பிள்ளைகள். இக்குடும்பத்தில் சுமார் 500 மொழிகள் உள்ளன. இதற்குப் பாண்டு என்பதே பெயர்.

இதன் தாயகம் எது? இம்மொழிகளுக்கு நெருங்கிய உறவுள்ள பிற மொழிகள் செறிந்து காணப்படும் நைஜீரியா - காமரூன் எல்லைப் பகுதி என்பது அறிஞர்களின் முடிவு. 4000 முதல் 5000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து மக்கள் நகரத் தொடங்கினர். அவர்கள் வள்ளிக்கிழங்கு பயிரிட்டார்கள். எண்ணெய்ப் பனையைப் பயன்படுத்தினார்கள். உணவு பெருகவே மக்கள் தொகையும் பெருகியது. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் மாறி, அடர்ந்த காடுகளில் இடைவெளி விழுந்தது. பின்னர் இரும்புக் கருவிகளும் துணை நின்றன.

இது படையெடுப்பா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தென்னாப்பிரிக்கா வரை ஏறத்தாழ 4000 கிலோமீட்டர்; பிடித்த காலம் 3000 ஆண்டுகள் என்று கொள்வோம். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் எனில், தலைமுறைக்கு 33 கிலோமீட்டர்தான் வருகிறது! தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் தூரம். பாட்டன் திருத்திய நிலம் போதாமல் பேரன் அடுத்த ஆற்றங்கரைக்குப் போனான், அவ்வளவே.

விளைவுகள் சிறியவை அல்ல. வேட்டையாடி வாழ்ந்த பழங்குடிகள் பலர் ஒதுக்கப்பட்டனர். பலர் வந்தவர்களோடு கலந்தனர். ஜூலு மொழியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள், தெற்கே முன்பே வாழ்ந்த கொய்சான் மக்களிடமிருந்து பெற்றவை.

சித்திகளின் முன்னோர் வந்ததோ வேறு விதம். அடுத்த ஆற்றங்கரையைத் தேடி அவர்கள் வரவில்லை. கடற்கரைகளில் அடிமைகளாக விற்கப்பட்டு, அரபு வணிகர்களாலும் போர்த்துக்கீசியராலும் கப்பலேற்றப்பட்டவர்களே மிகப் பலர். கர்நாடகத்தின் வடகன்னடக் காடுகளில் இன்று வாழும் சித்திகளில் பலரின் முன்னோர், கோவாவிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று கருதப்படுகிறது.

இதற்குச் சொல் மட்டுமல்ல, குருதியும் சான்று கூறுகிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தால் தந்தைவழியை அறியலாம். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் பங்குகொண்ட ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. சித்திகளின் மரபணுக்களில் 60 முதல் 75 விழுக்காடு ஆப்பிரிக்க வழி என்றும், பாண்டு மக்களுக்கு உரிய அடையாளங்கள் அவற்றில் உள்ளன என்றும் அது காட்டியது. எஞ்சியதில் பெரும்பகுதி இந்திய வழி. அதாவது அவர்கள் இங்குள்ளோருடன் உறவு கலந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

கர்நாடகச் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஆயினும், தோற்றத்தைப் பார்த்து அவர்களை வெளிநாட்டவர் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. இரயில் பயணத்தில் சித்தி இனத்தவர் ஒருவரைச் சந்தித்தால், "எந்த நாடு?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊர்?" என்று கேளுங்கள். ஜாம்பூர் என்றோ எல்லாப்பூர் என்றோ விடை வரும்.