தெருநாயும் தெரிந்த நாயும்

'நாயைக் கண்டால் கல்லைக் காணோம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பது தமிழ் மக்களிடையே வழங்கிவரும் பழமொழி. கல்லிலே செதுக்கப்பட்ட நாயைக் குறித்து எழுந்தது அது என்பர் பலர். நாயாக நோக்குபவன் கண்ணுக்குக் கல் மறைந்துபோகின்றது. கல்லாக நோக்குபவன் கண்ணுக்கு நாய் மறைந்துபோகின்றது. ஆனால், நாள்தோறும் வீதியில் நடப்போர் இதற்கு வேறு பொருள் கொள்கின்றனர். நாய் எதிர்ப்படும்போது எறிவதற்குக் கல் அகப்படவில்லையே என்பதுதான் அவர்களுடைய கவலை. எதிரே நிற்கும் நாய் எத்தகையது என்பதை அறிந்துகொண்டால், பெரும்பாலும் கல்லுக்கே தேவையிராது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நுவரெலியா மாவட்டத்திலே தேயிலை மலைகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த ஊர் ராகலை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இவ்வூர் வரை ஓடிய சிறு புகைவண்டியின் பாதை 1948ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் ஓடுகின்றன. ஆயினும், தோட்டத்து லயங்களிலிருந்து பெரிய வீதிக்கு வருவோருள் பலர் இன்னும் கால்நடையாகவே வருகின்றனர். பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளர், கொழுந்து பறிக்க மலையேறும் பெண்கள், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள், உடல்நலம் கருதி உலாவும் முதியோர் ஆகிய எல்லோரும் விடியற்காலைப் பனியிலே ஒரே பாதையில் நாள்தோறும் நடக்கின்றனர். அப்பாதையில் அவர்கள் நாள்தோறும் சந்திக்கும் நாய்களும் பெரும்பாலும் அவையேதாம். ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பட்டும் ஒன்றையொன்று அறியாதிருக்கும் இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையே அறிமுகம் உண்டாக வேண்டியது ஏன் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலாவதாக, வீதியில் திரியும் நாய்களை எல்லாம் 'தெருநாய்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது. அவற்றுள் சில ஒரு வீட்டுக்கு உரியவை. பகலிலே கட்டின்றி உலாவுகின்றன. வேறு சில ஒரு வீட்டுக்கென்று உரியவை அல்ல. ஆனால் ஒரு லயத்துக்கே உரியவை. பத்துக் காம்பராக்களில் எந்தக் காம்பராவில் சோறு மிஞ்சினாலும் அது அந்த நாய்க்கே சேரும். குளிர்காலத்திலே யாருடைய அடுப்புச் சாம்பல் சூடாக இருக்கின்றதோ அங்கே அது சுருண்டு படுக்கும். 'இது யாருடைய நாய்?' என்று கேட்டால், 'இங்கேதான் கிடக்கிறது' என்று விடை வரும். உரியவர் எவரும் இல்லாமல் கடைத்தெருக் குப்பையை நம்பி வாழ்பவை மூன்றாவது வகையின. இவற்றுள் எது எவ்வகையது என்பதை அறிவதே அறிமுகத்தின் முதற்படி.

இரண்டாவதாக, நாய் ஏன் குரைக்கின்றது என்பதை உணர வேண்டும். 'தன்னூரில் யானை, அயலூரில் பூனை' என்னும் பழமொழி நாய்க்கு மிகவும் பொருந்தும். லயத்து வாசலிலே வானதிரக் குரைக்கும் நாய், கடைத்தெருவிலே அதே மனிதனைக் கண்டால் தலை தாழ்த்தி ஒதுங்கிச் செல்லும். அதன் குரைப்பு மனிதன்மீது கொண்ட பகையன்று. தன் எல்லையைக் குறித்த அறிவிப்பே. மலைநாட்டிலே இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. இரவு வேளைகளில் காட்டுப்பன்றிகள் தோட்டங்களுக்குள் புகுவதுண்டு. சிறுத்தையும் தேயிலைச் செடிகளினூடே மறைந்து வந்து நாயைக் கவ்விச் செல்வதுண்டு. இரவெல்லாம் அஞ்சிக் காவல் இருந்த நாய், விடியற்காலை மூடுபனியில் திடீரெனத் தோன்றும் உருவத்தைக் கண்டு குரைப்பதில் வியப்பில்லை.

நாய் மனிதனை அறிவது முகத்தால் மட்டுமன்று. மணத்தாலும், குரலாலும், நடையாலும் அறிகின்றது. மணத்தை உணரும் நுண்ணுறுப்புகள் மனிதனுடைய மூக்கிலே ஏறத்தாழ 50 இலட்சம் உள்ளன என்றும், நாயின் மூக்கிலே 20 கோடிக்கு மேல் உள்ளன என்றும் கணக்கிட்டுள்ளனர். எனவே, தினமும் ஒரே நேரத்தில் ஒரே நடையில் செல்லும் ஒருவரை அவர் வளைவில் திரும்புமுன்பே நாய் அறிந்துகொள்கின்றது. அவருடைய வருகையும் காலைப் பொழுதின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அவர் குடையுடனோ, தலையில் சாக்குப் போர்த்திக்கொண்டோ வருகின்ற மழைநாளில் அதே நாய் குரைத்தால், அவரை அது மறந்துவிட்டது என்பது கருத்தன்று. உருவம் மாறியதால் உண்டான ஐயமே அது. பெயர் சொல்லியோ மெல்லப் பேசியோ குரலைக் காட்டினால் பெரும்பாலும் அமைதியடையும்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று சொல்வதுண்டு. இது முழு உண்மையன்று. குரைப்பதோ குரைக்காதிருப்பதோ மட்டும் நாயின் எண்ணத்தைக் காட்டுவதில்லை. உடல் முழுவதையும் நோக்க வேண்டும். உடலைத் தளரவிட்டு, வாலைத் தாழ்வாக அகல வீசிக் குழைந்து வரும் நாய் நட்பை நாடுகின்றது. முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்பது விளையாட்டுக்கு அழைப்பு. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, காதுகளைப் பின்னே மடித்து, நாக்கால் உதட்டை நக்குவது அச்சத்தின் அறிகுறி. அஞ்சிய நாயை மூலையில் நெருக்கினால் அது கடிக்கக்கூடும். உடலை விறைத்து, வாலை உயர்த்தி, உறுமலோடோ உறுமலின்றியோ கண் இமையாமல் நோக்கி அசையாது நிற்கும் நாயிடமிருந்து மெல்ல விலகிச் செல்வதே அறிவுடைமை. வால் ஆடுகின்றது என்பதனாலேயே நட்பு என்று முடிவுசெய்தலும் தவறு. விறைத்து நின்று வால் நுனியை மட்டும் ஆட்டும் நாய் சினத்தோடும் இருக்கலாம்.

இனி, அறிமுகம் செய்துகொள்ளும் முறை யாது? அதற்கு அவசரம் கூடாது. முதல் சில நாள்கள் நாயை நேருக்கு நேர் உற்றுநோக்காமல், சற்று விலகி, ஒரே வேகத்தில் கடந்து சென்றால் போதும். அதன் நிறம், காது, வால், தழும்பு, அது படுக்கும் இடம் ஆகியவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளலாம். பின்னர் ஒரு சொல், ஒவ்வொரு நாளும் அதே தொனியில். அது தானாக அருகில் வந்து மோப்பம் பிடிக்க விரும்பினால், அசையாது நின்று இடங்கொடுக்கலாம். உணவு ஒன்றே நாயின் நம்பிக்கைக்குத் திறவுகோல் என்று பலர் எண்ணுகின்றனர். மேற்கு வங்காளத்து வீதி நாய்களைக் கொண்டு கொல்கத்தா ஆராய்ச்சியாளர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைத் தந்தது. முன்பின் அறியாத மனிதர் திரும்பத் திரும்ப உணவு கொடுத்ததைவிட, திரும்பத் திரும்ப அன்போடு தடவிக்கொடுத்ததே அந்நாய்களின் நம்பிக்கையைப் பெரிதும் வளர்த்தது. இதனால் அறியாத நாயைத் தொட வேண்டும் என்பது கருத்தன்று. மனிதன் தன்னை எவ்வாறு நடத்துகின்றான் என்பதை வீதி நாயும் கூர்ந்து கவனிக்கின்றது என்பதே கருத்து.

பிள்ளைகளுக்கு இவ்வறிவு மேலும் இன்றியமையாதது. அவர்கள் உருவத்திற் சிறியோர், ஓடும் இயல்பினர். ஓடுகின்ற பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. ஆதலின் நாய் துரத்தினால் ஓடாமல், கைகளை உடலோடு சேர்த்து, மரம்போல அசையாது நின்று, நாயின் கண்ணை நோக்காமல் நிலத்தை நோக்குமாறு பிள்ளைகளைப் பழக்க வேண்டும். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு கிடக்கும் நாயையும் அணுகக் கூடாது. லயத்து நாய் நன்கு பழகியதாயினும் குட்டி போட்ட வாரங்களில் அது வேறு நாய் என்றே கொள்ள வேண்டும்.

இவ்வளவும் கூறுவதற்கு முதன்மையான காரணம் நீர்வெறுப்பு நோய். விசர் என்று மக்கள் அழைக்கும் இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் நாய்க் கடியாலேயே நோயுற்றவர்கள். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணியும், கடியுண்டோருக்குச் சிகிச்சையளிக்கும் வசதியும் பரவியதனால் அத்தொகை மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் நோய் இன்னும் ஒழியவில்லை. அறிகுறிகள் தோன்றிய பின்னர் இதற்கு மருந்தில்லை. அறிகுறி தோன்றுமுன் உரிய காலத்தில் ஊசி ஏற்றிக்கொண்டால் உயிரைக் காக்கலாம். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இத்தகைய சிகிச்சையளித்தார், சிறுவன் பிழைத்தான்.

கடித்தாலும் கீறினாலும் உடனே செய்யத்தக்கது ஒன்று. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைக் 15 நிமிடமேனும் கழுவ வேண்டும். மஞ்சளோ, மிளகாயோ, சுண்ணாம்போ பூசக் கூடாது. பின்னர் காலந்தாழ்த்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கு இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. அங்கே வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, 'கடித்தது எந்த நாய்?' என்பதாகும். அந்நாய்க்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதா, அது நலமாக இருக்கின்றதா, அதைக் கண்காணிக்க முடியுமா என்பவை அடுத்த கேள்விகள். கடித்த நாய் பத்து நாள் கழிந்தும் நலத்தோடு இருந்தால், கடித்த வேளையில் அது நோயைப் பரப்பும் நிலையில் இருக்கவில்லை என்று துணியலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். 'ஏதோ ஒரு கறுப்பு நாய்' என்று விடை சொல்பவருக்கு இவ்வுதவி கிட்டாது. 'கோயிலடி லயத்து நாய், இடக்காது மடிந்தது, நேற்றுவரை நலமாக இருந்தது' என்று சொல்லக்கூடியவர் வைத்தியருக்குப் பேருதவி புரிகின்றார். நாள்தோறும் பார்த்துப் பழகிய நாய் திடீரென நடை தள்ளாடினாலும், வாயில் நீர் வடிந்தாலும், காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்தாலும், அம்மாற்றத்தை முதலில் காண்பவரும் அப்பாதையில் நடப்பவரே. அவர் உடனே பிள்ளைகளை விலக்கிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம்.

நாய்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீராதா என்று கேட்போர் உளர். இலங்கையில் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உரியவரற்ற நாய்களைப் பிடித்துக் கொல்லுதல் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதனால் நோய் ஒழியவில்லை. 2006ஆம் ஆண்டு முதல் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. இதன் காரணம் எளியது. கொல்லப்பட்ட நாயின் இடம் நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. குப்பையும் உணவும் உள்ள இடத்துக்குப் புதிய நாய் வந்து சேரும். பழைய நாய் ஊசி ஏற்றப்பட்டதாக இருந்திருக்கலாம். புதிய நாயின் வரலாறு எவருக்கும் தெரியாது. ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு 70 பங்குக்கு ஊசி ஏற்றினால் நோய் பரவும் வழி அடைபடும் என்பது அறிஞர் துணிபு.

ஊசி ஏற்றுவோர் தோட்டத்துக்கு வரும் நாளிலே வீட்டு நாய்களைச் சங்கிலியிற் பிடித்துக்கொண்டு வருவோர் உண்டு. லயத்துக்கே பொதுவான நாயைக் கொண்டுவருபவர் யார்? 'இங்கேதான் கிடக்கிறது' என்ற விடை அன்றைக்கு உதவாது. அதன் பெயரை அறிந்தவரும், அது எவர் குரலுக்கு வரும் என்பதை அறிந்தவருமே அதைப் பிடித்துக் கொடுக்க முடியும். வீதி நாய்க் குட்டிகளின் வாழ்வும் இவ்வறிமுகத்தையே சார்ந்துள்ளது. மேற்கு வங்காளத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஆராயப்பட்ட குட்டிகளுள் நூற்றுக்கு 19 மட்டுமே இனப்பெருக்க வயதை அடைந்தன. இறந்தவற்றுட் பெரும் பகுதியின் இறப்புக்கு ஏதேனும் ஒரு வகையில் மனிதர் காரணராயிருந்தனர். பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டி வீதியோரத்தில் விட்டுச்செல்லும் வழக்கமும் இதில் அடங்கும். கருத்தடை செய்வித்தால் அக்கொடுமைக்கே இடமிராது.

யானையை ஒத்தவர் நட்பை விலக்கி நாயை ஒத்தவர் நட்பைக் கொள்க என்று நாலடியார் அறிவுறுத்துகின்றது. பாகனையே கொல்லும் யானையைவிட, தன்மேல் வேல் எறிந்தவனிடத்தும் வால் குழைக்கும் நாயே மேல் என்பது அதன் கருத்து. அத்தகைய நாயிடம் வேலும் கல்லும் எறிவதை மனிதன் கைவிட்டால், அது பிராணிக்குச் செய்யும் இரக்கம் மட்டுமன்று. தன் பிள்ளைகளுக்குச் செய்யும் பாதுகாப்புமாகும். ராகலையின் ஒரு பாதையில் பத்து நாய்கள் இருக்குமாயின், அப்பத்தையும் தனித்தனியே அறிந்த ஒருவரேனும் அப்பாதையில் நடத்தல் வேண்டும். அவர் அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்வாராயின், ஊசி போடும் நாளில் அப்பத்து நாய்களும் தவறாமல் வந்து நிற்கும்.