நிலத்துக்கு முன்பே உரியவர்

தாய்லாந்துக்குப் போகிறவர் கண்ணில் முதல் நாளே படுவது, கட்டடங்களுக்கு முன்னால் ஒற்றைத் தூண்மேல் நிற்கும் குட்டி மாளிகை. வீடு, வங்கி, பெட்ரோல் பங்க், வானளாவும் வணிக வளாகம் என்று எதன் வாசலிலும் ஒன்று இருக்கும். கூர்மையான கூரை, பொன்வண்ணப் பூச்சு, உள்ளே வாளும் பணப்பையும் ஏந்திய ஒரு சிறு உருவம். பயணிகள் பலர் இதைப் புத்தர் சன்னிதி என்றே நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புத்தர் அங்கே இல்லை. 'சான் பிர பூம்' எனப்படும் அது, அந்த இடத்தைக் காக்கும் நிலத்தெய்வத்தின் வீடு.

நாட்டு மக்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்கள். ஆனால் இந்த நம்பிக்கை பௌத்தத்துக்கும் மூத்தது. ஒரு மனையை விலை கொடுத்து வாங்கினாலும், அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். நாம் கட்டடம் எழுப்பினால் அவர் இடம் பறிபோகிறது. ஆகவே அவருக்கென்று தனியாக ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அதை நினைத்த மூலையில் வைத்துவிட முடியாது. நம் வீட்டின் நிழல் அதன்மேல் விழக்கூடாது. சடங்கு தெரிந்தவர் வந்து, இடமும் நல்ல நேரமும் பார்த்து நிறுவுவார். பக்கத்திலேயே நான்கு கால்களில் சற்றுத் தாழ்வாக இன்னொரு வீடு இருந்தால், அது அந்த மண்ணில் முன்பு வாழ்ந்த மூத்தோருக்கானது. அதற்குள் ஒரு முதிய தம்பதியின் பொம்மைகள் இருக்கும்.

படையல் எளிமையானது: சோறு, தண்ணீர், பழம், பூமாலை, ஊதுபத்தி. கூடவே சிவப்பு ஃபாண்டா. பழங்காலத்துப் பலி இரத்தத்துக்குப் பதிலாக வந்தது இந்தச் சிவப்பு என்று பலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு நிறத்தைவிட, மூடியைத் திறந்து அந்தப் பாட்டிலில் செருகிவைக்கும் உறிஞ்சுகுழல்தான் முக்கியமாகப் படுகிறது. தெய்வம் தானே திறந்து குடித்துக்கொள்ளட்டும் என்று யாரும் விடுவதில்லை. அச்சத்தால் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் இவ்வளவு கரிசனம் அதில் இருக்காது. ஏறிச் செல்ல யானை, குதிரை பொம்மைகள், பொழுதுபோக்க நடனப் பெண் பொம்மைகள் என்று அந்த வீட்டில் எல்லாமே உண்டு.

இந்த வழக்கத்தின் மிகப் புகழ்பெற்ற வடிவம், பாங்காக்கின் ராட்சப்பிரசோங் சந்திப்பில் இருக்கும் எரவான் சன்னிதி. 1950களில் அங்கே அரசு ஓட்டல் ஒன்றைக் கட்டியபோது தொடர்ந்து விபத்துகள் நேர்ந்தன. அடிக்கல் நாட்டிய நாள் சரியில்லை என்றார் சோதிடர். பரிகாரமாக 1956இல் நான்முகப் பிரம்மாவை அங்கே நிறுவினார்கள். இந்தியாவிலேயே தனிக்கோயில் அரிதாக உள்ள பிரம்மாவுக்கு, வணிக வளாகங்கள் சூழ்ந்த அந்த நெரிசலில் நாள் முழுதும் கூட்டம். வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டினால், அங்கேயே இருக்கும் நடனக் குழுவினர் அவர்கள் பெயரைச் சொல்லிப் பாடி ஆடுவார்கள். நேர்த்திக்கடன் என்று நாம் சொல்வதேதான். அந்தப் பழைய ஓட்டல் 1980களின் இறுதியில் இடிக்கப்பட்டது. சன்னிதி மட்டும் நகரவில்லை. 2015 ஆகஸ்ட் 17 அன்று அங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் சன்னிதியை மீண்டும் திறந்துவிட்டார்கள்.

பழுதான குட்டி வீட்டைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அரசமரத்தடியிலோ விகாரையின் ஓரத்திலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சாலையோர மரத்தடியில் உடைந்த மாளிகைகள் குவிந்து கிடந்தால் காரணம் இதுதான். அவற்றிலிருந்து அழகான பொம்மை ஒன்றை நினைவுக்காக எடுத்துவர வேண்டாம். வாசலில் இருக்கும் வீட்டைப் படம் எடுப்பதில் தவறில்லை. படையலைத் தொடாமல், கைகூப்பிவிட்டு எடுத்தால் அந்த வீட்டுக்காரர்கள் மகிழ்வார்கள்.